காளை கேட்டுத்தான் ஏறினார்

சோணை சாகும்போது அவருக்கு வயது அறுபத்து மூன்று. அதில் முப்பத்தோரு வருடம் மின்சார வேலை. பதினெட்டு வருடம் ஒரு பொய். பொய் என்றுகூட முழுசாகச் சொல்ல முடியாது. ஒரே ஒரு சொல்.

சோழவந்தானுக்கு மேற்கே, வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவில் ஒரு சின்னத் துணை மின்நிலையம். சோணை அங்கே ஆபரேட்டர். கம்பத்தில் ஏறப்போகிற ஆள் முதலில் ஆபரேட்டரிடம் அனுமதி கேட்பார். ஆபரேட்டர் அந்தப் பாதையின் சுவிட்சை நிறுத்தி, சிவப்புப் பலகையை மாட்டி, பேரும் நேரமும் எழுதிக்கொண்டு ஒரு நம்பர் சொல்வார். இதற்கு எல்.சி. என்று பெயர். கேட்ட ஆளே இறங்கி வந்து, எல்.சி. ரிட்டன் என்று சொல்லும்வரை சுவிட்சைத் தொடக் கூடாது. கம்பத்தில் இருப்பவரின் உயிர் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

சோணைக்கு முத்து முத்தான கையெழுத்து. லாக் புத்தகத்தில் அடித்தல் திருத்தல் இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. அதனால் வருகிற எல்.சி.களை முதலில் கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கம் கிறுக்கிக்கொள்வார். ஷிப்டு முடியும்போது உட்கார்ந்து, நிதானமாக, புத்தகத்தில் அழகாக எழுதுவார். சோதனைக்கு வந்த அதிகாரிகள் அந்தப் புத்தகத்தை மற்ற ஊர் ஆபரேட்டர்களுக்குக் காட்டச் சொல்லி எடுத்துப் போனதுண்டு.

2006 அக்டோபர் 25, புதன்கிழமை. காலை ஒன்பது பத்துக்கு மரம் வெட்டும் குழு ஒரு எல்.சி. கேட்டது. பத்து இருபத்தைந்துக்கு வயர்மேன் காளை, அதே பாதையில் வேறொரு முனையில், கம்பியைத் தாங்கும் ஒரு பீங்கான் இன்சுலேட்டரை மாற்ற, போனில் இன்னொரு எல்.சி. கேட்டார். இரண்டையும் சோணை தாளில் கிறுக்கினார். தவறிக் கரண்டு வந்தாலும் ஆளைக் காப்பது பாதையைத் தரையோடு இணைக்கும் கம்பி; அது அந்த ஆபீசில் ஒரே செட்டுதான். அது மரம் வெட்டும் குழுவிடம் இருந்தது. சிவப்புப் பலகை ஏற்கெனவே தொங்கியதால் இரண்டாவது பலகையை மாட்டவில்லை.

பதினொன்றரைக்குள் வாசலில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். கொடிக்கால் வாடுது, மோட்டார் ஓடணும், எம்புட்டு நேரம்ணே என்று ஆளாளுக்குச் சத்தம். பதினொன்று நாற்பதுக்கு மரம் வெட்டும் குழு எல்.சி.யைத் திருப்பியது. சோணை தாளில் குறுக்காக ஒரு கோடு இழுத்தார். அவசரக் கோடு. அது இரண்டு வரிகளின் மேலும் விழுந்தது. பலகையைக் கழற்றினார். சுவிட்சைப் போட்டார்.

கம்பத்தில் காளை இருந்தார்.

இழவு வீட்டில் ஊர்க்காரர் ஒருவர் சோணையின் காதருகே வந்து கேட்டார், "குடிச்சிருந்தானாண்ணே?" சோணை சொன்னார், "தெரியல." அந்தச் சொல் மாலைக்குள் ஊர் முழுக்கச் சுற்றி வந்து, குடித்துவிட்டு ஏறினான் என்று ஆகிவிட்டது. விசாரணைக்கு வந்தவர்கள் லாக் புத்தகத்தைப் பார்த்தார்கள். காளையின் பெயர் இல்லை. அனுமதி பெறாமல் ஏறினார் என்று எழுதிக்கொண்டு போனார்கள். நாள்காட்டித் தாள் அதற்கு முன்பே சோணை வீட்டு அடுப்பில் போய்விட்டது.

காளையின் மனைவி முனீஸ்வரிக்கு அப்போது இருபத்தாறு வயது. கைக்குழந்தையாக ஒரு மகன். அனுமதியில்லாமல் ஏறிய ஆளுக்கு வாரிசு வேலை எப்படி என்று மனு ஒரு மேசையில் தங்கிவிட்டது. காளையின் அண்ணன் சின்னக்கருப்பன், புருஷனைக் குடிக்காமல் பார்த்துக்கொள்ளத் துப்பில்லாதவள் என்று அவளைப் பந்தியில் வைத்தே சொன்னார். அவள் மகனையும் ஒரு துணிப்பையையும் தூக்கிக்கொண்டு ஊரை விட்டுக் கிளம்பி, மதுரை ஆரப்பாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தாள். அந்த வேலையைப் பேசி வாங்கிக் கொடுத்தவர் சோணை. வீடு பார்த்துக் கொடுத்தவரும் அவர்தான்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு பெரிய வெள்ளிக்கிழமை, மதியம். சோணை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வெயில் தாங்காமல் ஒரு மாடிப்படியின் நிழலில் நின்றார். மாடியில் ஜெபவீடு. ஸ்பீக்கர் கீழே பார்த்து மாட்டியிருந்தது. போதகர் தங்கப்பாண்டி முன்பு பஸ் கண்டக்டராக இருந்தவர்; கடைசி வரிசைக்கும் கேட்கிற குரல்.

"ஒருத்தர் ஒசரத்துல தொங்கிட்டிருக்காரு. ஒரு தப்பும் செய்யல. தப்பு செஞ்சவன் கீழ நிக்கிறான். அவன் யாரு? நீதான்."

தன் விஷயத்தை யாரோ போதகரிடம் சொல்லிவிட்டார்கள் என்றுதான் சோணை முதலில் நினைத்தார். ஓடிவிடலாம் என்று திரும்பியவர் ஓடாமல் படியேறினார். மேலே முப்பது பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. போதகர் பேசுவது சிலுவையில் தொங்கினவரைப் பற்றி என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்குப் புரிந்தது. தொங்கினவர் தன்னைத் தொங்கவிட்டவர்களுக்காகப் பரிந்து பேசினார் என்று போதகர் சொன்னபோது, சோணை துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

மூன்று மாதத்தில் ஞானஸ்நானம். வைகையில் தண்ணீர் இல்லை; ஒரு தோப்பின் பம்ப்செட் தொட்டியில் முங்கி எழுந்தார். அதற்கு முந்தின நாள் போதகரிடம் போய், ஐயா, ஒரு விஷயம் சொல்லணும் என்று ஆரம்பித்தார். போதகர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கிட்ட எதுக்குண்ணே. அவருகிட்டச் சொல்லுங்க. மன்னிச்ச பெறகு அவரே அத நினைக்கிறதில்ல. நமக்கு என்ன?"

சோணை கடவுளிடம் சொன்னார். ஒவ்வொரு நிமிடத்தையும் சொன்னார். மனம் லேசானது, அது உண்மை. பாடினார், சாட்சி சொன்னார், ஆஸ்பத்திரிகளில் போய் நோயாளிகளுக்காக ஜெபித்தார். ஆனால் மன்னிப்பு அவருக்கு ஒரு பூட்டிய அறை மாதிரி ஆகிப்போனது. உள்ளே வெளிச்சம் இருந்தது. வெளியே போகக் கதவில்லை. அவர் மனைவி செல்லத்தாய் தன் குலசாமியை விடவில்லை. அவள் ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரியிடம், இவருக்கு ஏத்த சாமியாப் பாத்துத்தான் பிடிச்சிருக்காரு, என்ன செஞ்சாலும் மன்னிச்சு விட்டுருதாம்ல என்று சொல்லிச் சிரித்தாள். சோணை தட்டோடு எழுந்து போய்விட்டார்.

முடிச்சு அதோடு நிற்கவில்லை. 2010இல் முனீஸ்வரி அதே ஜெபவீட்டுக்கு வந்தாள். சோணை அண்ணன் வழியாகத்தான் வந்தேன் என்று சொன்னாள். சாட்சி சொல்லும் நேரத்தில் வருடம் தவறாமல் எழுந்து நின்று, என் வீட்டுக்காரர் செய்த தப்புக்கு ஊரே என்னைத் தள்ளியது, கூடப்பிறக்காத ஒருத்தர் தாங்கினார், ஆண்டவருடைய அன்பை நான் அவரிடத்தில்தான் பார்த்தேன் என்று சொல்வாள். எல்லோரும் ஸ்தோத்திரம் என்பார்கள். சோணையும் சொல்ல வேண்டும். சொன்னார்.

மாதத்தின் முதல் ஞாயிறு இராப்போஜனம். அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் தகுதியில்லாமல் வாங்கக் கூடாது, யாரோடாவது குறை இருந்தால் முதலில் அதைத் தீர்த்துவிட்டு வா என்று போதகர் ஒவ்வொரு தடவையும் சொல்வார். சோணைக்கு அந்த நேரத்தில் எப்போதும் ஒரு வேலை வந்துவிடும். இன்வெர்ட்டர் சத்தம் போடும். ஃபியூஸ் சூடாக இருக்கும். அவர் மூலையில் சுவிட்ச் போர்டுக்கு முன்னால், கையில் டெஸ்டரோடு, சுவரைப் பார்த்து நிற்பார். முனீஸ்வரி வந்ததிலிருந்து பதினான்கு வருடம் அப்படி நின்றார். ஜெபவீட்டின் மின்சாரம் அவர் பொறுப்பு என்பதால் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

முனீஸ்வரி எண்ணினாள். 2024 ஜூனில், எழுந்து வர முடியாதவர்களுக்கு அப்பத் தட்டை எடுத்துப் போகிற வேலையை அவளிடம் கொடுத்தார்கள். முழங்கால் வலிக்காரப் பாட்டிக்குக் கொடுத்துவிட்டு நேரே சுவிட்ச் போர்டுக்கு வந்தாள்.

"ஃபேன் ஓடுனா ஓடட்டும், ஓடாட்டிப் போகட்டும். எடுங்கண்ணே."

"நீ போ தாயி. நான் பெறகு."

"இம்புட்டு வருஷமாப் பெறகுதான். நீங்களே வாங்கலேன்னா நான் எந்த முகத்தோட வாங்குறது?"

சோணையின் இருதயம் அப்போதே பாதி வேலைதான் செய்துகொண்டிருந்தது. டாக்டர் படிக்கட்டு ஏறாதே என்று சொல்லியிருந்தார். அவர் டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகினார். தட்டைப் பார்த்தார்.

"காளை எங்கிட்டக் கேட்டுத்தான் தாயி ஏறுனான். பத்து இருபத்தஞ்சுக்கு எல்.சி. குடுத்தேன். மறந்துட்டேன். நாந்தான் போட்டேன்."

பின்னால் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். முனீஸ்வரி தட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"அவுக குடிச்சிருந்தாகளா?"

"போன்ல தெளிவாத்தான்…"

"அதக் கேக்கல. குடிச்சிருந்தாகளா?"

"இல்ல."

அவள் திரும்பிப் போனாள். இன்னும் இரண்டு பேருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்தாள். தட்டை மேசையில் வைத்து வெள்ளைத் துணியால் மூடினாள். செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனவள் அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

போதகர் தங்கப்பாண்டி வீட்டுக்கு வந்தார். சோணை எல்லாவற்றையும் சொன்னார். போதகர் வழக்கமான ஆறுதலைத்தான் முதலில் எடுத்தார். அது எப்போதோ மன்னிக்கப்பட்டுவிட்டது, இரட்சிப்பு நாம் சம்பாதிப்பதில்லை, இலவசம் என்றார். சோணை தலையை ஆட்டினார்.

"அவரு மன்னிச்சது சரி ஐயா. அவரு மேல நான் கரண்டு விடலையே. காளை மேலல்ல விட்டேன்."

போதகரின் கண்டக்டர் குரல் இறங்கிவிட்டது.

"அவரு மேலயும்தாண்ணே விட்டீங்க. அந்தக் கம்பத்துல அவரும் இருந்தாரு. அதனாலதான் மன்னிக்க அவருக்கு உரிமை. ஆனா அவரு மன்னிச்சாருன்னு சொல்லி, அந்தப் புள்ளைய இருட்டுல உக்கார வைக்கச் சொல்லல. அன்னைக்கு நீங்க வந்தப்ப நான் கேட்டிருக்கணும். அவசரப்பட்டுட்டேன். அந்தத் தப்பு என்னுது."

சோணையின் மகள் திவ்யா சென்னையில் மின் பொறியாளர். அப்பாவின் உடம்பு கேட்டு வந்தவள், அவர் சொல்லச் சொல்ல மடிக்கணினியில் கடிதம் தட்டினாள். பழைய ஆபீசுக்கு, நடந்தது இது, அறிக்கையைத் திருத்துங்கள், காளை அனுமதி பெற்றுத்தான் ஏறினார் என்று. நேரங்களை வரிசையாகப் போட்டாள். பதினொன்று நாற்பதில் கை நின்றது.

"ஆள் மேல பட்டா பிரேக்கர் டிரிப் ஆயிருக்கணுமேப்பா. ஆகலையா?"

சோணை வேட்டி நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆச்சு."

"அப்புறம்?"

அந்த ஆபீஸ்களில் ஒரு வழக்கம் உண்டு. பாதை டிரிப் ஆகி, கரண்டு தானாகவே துண்டித்துக்கொண்டால், ஏதோ கிளை உரசியிருக்கும் என்று, ஒரு தடவை மறுபடி போட்டுப் பார்ப்பார்கள். பெரும்பாலும் பிறகு சரியாக ஓடும். அன்று வாசலில் பத்துப் பேர் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"மறுக்காப் போட்டேன்."

திவ்யா எழுந்து போய்க் குழாயில் முகத்தைக் கழுவினாள். வெகு நேரம் கழுவினாள். அந்த இரண்டாவது தடவையைச் சோணை கடவுளிடம் மட்டும் சொல்லியிருந்தார். சுவிட்ச் போர்டு முன்னால் நின்றபோதுகூட அது வாயில் வரவில்லை. முதல் தடவையில் காளை பிழைத்திருக்கலாம். பிழைக்காமலும் போயிருக்கலாம். அதைக் கணக்குப் போட்டுச் சொல்ல எந்தப் படிப்பிலும் வழியில்லை. திவ்யா வந்து உட்கார்ந்து அந்த வரியையும் தட்டினாள். அதற்குப் பிறகு அவள் ஊருக்குக் கிளம்பும்வரை அப்பாவிடம் மாத்திரை நேரத்தைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. அவள் மனசில் இருந்த வேறு எதுவும் அவர் சாகும்வரை அவருக்குப் போய்ச் சேரவே இல்லை.

ஆபீசில் புதிதாக வந்த அதிகாரி கடிதத்தை இரண்டு முறை படித்தார். அந்தக் காலத்துக் கோப்புகள் அழிக்கப்பட்டுவிட்டன என்றார். இல்லாத அறிக்கையை எப்படித் திருத்துவது, ஓய்வு பெற்றுவிட்டீர்கள், உடம்பும் சரியில்லை, எதற்கு சார் இப்போது என்று தன்மையாகவே கேட்டார். பெற்றுக்கொண்டதற்கு முத்திரைகூடப் போட மறுத்தார். சோணை கடிதத்தை மடித்துக்கொண்டு வெளியே வந்தார். உள்ளே பிடித்துப் போடக்கூட ஆளில்லாத குற்றவாளியாக பஸ்ஸில் உட்கார்ந்து ஆரப்பாளையம் வந்தார்.

செப்டம்பரில் முனீஸ்வரி வந்தாள். உட்காரவில்லை. செல்லத்தாய் கொடுத்த தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றாள். சோணை கடிதத்தை நீட்டினார். நின்றபடியே முழுவதும் படித்தாள். இரண்டாவது தடவை என்ற வரிக்கு வந்தபோது சொம்பைக் கீழே வைத்தாள்.

"மன்னிச்சுட்டேன்னு சொல்லணும்னு நினைச்சுத்தான் வந்தேன். வாய் வரல. ஜெபம் பண்ணியும் வரல."

"வேணாம் தாயி."

"வேணும். எனக்கு வேணும். அது வாரப்ப வரட்டும்." கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "ஆபீஸ்ல காயிதம் இல்லேன்னா போகுது. எங்க ஊர்ல செவரு இருக்கு. அவுகளுக்கு இதுவரைக்கும் ஒரு போஸ்டர்கூட ஒட்டல."

மதுரைப் பக்கத்தில் செத்தவருக்கு வருடாவருடம் நினைவஞ்சலி போஸ்டர் ஒட்டாத குடும்பம் குறைவு. படம், பேர், தேதி, கீழே இவண் என்று ஒட்டுகிறவர்களின் பேர்கள். குடிகாரனுக்கு எதற்குப் போஸ்டர் என்று சின்னக்கருப்பன் முதல் வருடமே சொல்லிவிட்டார்.

ஆரப்பாளையம் அச்சகக்காரர், சோணை எழுதிக் கொண்டுபோன தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். இப்படியெல்லாம் யாரும் போடுறதில்லண்ணே, பெறகு கேஸு கீஸுன்னு வந்தா என்னையும் சேர்த்து இழுப்பாங்க என்றார். உண்மை என்று கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றார் சோணை. எழுதிப் போட்டுக் கொடுத்தார். அதன் பிறகுதான் மிஷின் ஓடியது.

கண்ணீர் அஞ்சலி. 18ஆம் ஆண்டு நினைவு. காளை, வயர்மேன். 25.10.2006 அன்று முறையாக அனுமதி கேட்டு, மது அருந்தாமல், மின்கம்பத்தில் பணியில் இருந்தபோது, ஆபரேட்டர் சோணை தவறாக இரண்டு முறை மின்சாரம் செலுத்தியதால் உயிர் நீத்தார். இவண்: சோணை.

ஒட்டுவதற்கு ஆள் வைக்கலாம் என்றார் போதகர். சோணை மாட்டேன் என்றுவிட்டார். அக்டோபர் 25, காலை. பசை வாளியும் போஸ்டர் சுருளுமாக அவர் காளையின் ஊர் மந்தைத் திடலில் பஸ்ஸை விட்டு இறங்கினார். முனீஸ்வரி மகனோடு முன்பே வந்து டீக்கடை ஓரமாக நின்றாள். மகனுக்கு இப்போது பத்தொன்பது வயது. அவன் சோணையைப் பார்க்கவே இல்லை. யாரும் கிட்ட வரவில்லை. சோணை ரேஷன் கடைச் சுவரில் பசையைத் தடவி முதல் போஸ்டரை விரித்தார். மூச்சு வாங்கியது. உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு, சுருக்கமில்லாமல் நீவினார்.

டீக்கடையில் இருந்தவர்கள் கிளாசோடு எழுந்து வந்தார்கள். ஒருவர் சத்தமாகப் படித்தார். அனுமதி கேட்டு என்ற இடத்தில் ஒருதரம் நிறுத்தினார். இரண்டு முறை என்ற இடத்தில் குரல் உள்ளே போய்விட்டது. சின்னக்கருப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். தலை முழுக்க நரை. அவருக்குப் படிக்கத் தெரியாது. இன்னொரு தடவை படி என்றார். படித்தார்கள்.

"இத அன்னைக்கு எழவு வீட்டுல சொல்றதுக்கு என்னங்க? என் கையால தம்பிக்கு ஒரு தேங்கா ஒடைக்கல. பதினெட்டு வருஷம். இப்ப வந்து செவத்துல ஒட்டுறீகளே, வெக்கமா இல்ல?"

"இருக்கு," என்றார் சோணை.

அடி விழும் என்று எல்லோரும் நினைத்தார்கள். சோணையும் நினைத்தார், கையைத் தூக்காமல் நின்றார். சின்னக்கருப்பன் அவரை அடிக்கவில்லை. அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து முனீஸ்வரியின் மகனைக் கையை நீட்டிக் கூப்பிட்டார். அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். போனான்.

சோணை வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த சுவருக்கு நடந்தார். அது தொழுவத்தை ஒட்டிய சுவர். கை உயர எட்டாமல் இடுப்பளவில் பசையைத் தடவினார். போஸ்டரைப் பிரிக்கும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. முனீஸ்வரி வந்து மறு ஓரத்தைப் பிடித்தாள். முகத்தில் இன்னும் எதுவும் இளகவில்லை.

"இன்னும் கொஞ்சம் மேல ஒட்டுங்க," என்றாள். "இங்கன ஒட்டுனா மாடு தின்னுரும்."